வீட்டுத் தரவின் திறவுகோல் யார் கையில்?



புலம்பெயர்ந்து வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் உள்ளவற்றுள் மீண்டும் வாங்க முடியாதவை எவை? ஊரில் எடுத்த பழைய ஒளிப்படங்கள், மறைந்த பாட்டியின் குரற்பதிவு, திருமணக் காணொளி, குடிவரவு ஆவணங்களின் படிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். முன்னர் இவை அலுமாரியிலும் பெட்டகத்திலும் இருந்தன. இன்று கணினியிலும் கைப்பேசியிலும் உள்ளன. பல வீடுகளில் பிறருக்குச் சொந்தமான வழங்கிகளில் மட்டுமே உள்ளன. அவற்றின் திறவுகோல் யார் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இலவசமாகக் கிடைக்கும் இடம் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. ஜியோசிட்டீஸ் தளங்கள் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டன. ஓர்குட் 2014 செப்டெம்பரிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மறைந்தன. யாகூ குழுமங்கள் 2020 டிசெம்பர் 15 அன்று முற்றாக நிறுத்தப்பட்டன. தமிழ் இணையத்தின் தொடக்ககால உரையாடல்களில் ஒரு பகுதி அத்தகைய மடற்குழுக்களிலேயே நடைபெற்றது. முன்கூட்டியே படியெடுத்து வைத்தோரிடம் அம்மடல்கள் எஞ்சின. ஏனையோர் அவற்றை இழந்தனர். இங்கு எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். இடம் அந்நிறுவனங்களுடையது, மூடும் உரிமையும் அவற்றுடையதே.

இழப்பு ஒருபுறமிருக்க, கண்காணிப்பு மறுபுறம் உள்ளது. எண்பத்தேழு மில்லியன் வரையிலான முகநூல் பயனாளரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா நிறுவனத்தைச் சென்றடைந்திருக்கக்கூடும் என்பதை 2018இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்களுட் பெரும்பாலானோர் உரிய செயலியைத் தாமே நிறுவியவர் அல்லர், நிறுவியவரின் நண்பர்கள். புலம்பெயர் குடும்பங்கள் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒருவர் தம் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குத் திறந்துவிடும்போது, ஊரிலுள்ள மாமாவின் எண்ணையும் அயல்நாட்டிலுள்ள சித்தியின் பெயரையும் சேர்த்தே ஒப்படைக்கின்றார். அவர்களிடம் எவரும் இசைவு கேட்பதில்லை.

இவ்விரு இடர்களையும் குறைக்கும் வழி விலையுயர்ந்த கருவிகளில் இல்லை. எளிய மென்பொருளைத் தேர்ந்து பயன்படுத்துவதில் உள்ளது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பதிவுசெய்யும் இல்லப் பயனாளருக்கு மேலும் ஓராண்டு என மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத மடிக்கணினிகள், பழுதின்றி இயங்கினும், கழிக்கப்படும் நிலைக்கு வந்தன. அத்தகைய கணினியைக் குப்பையில் இடத் தேவையில்லை. 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. லினக்ஸ் மின்ட் 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியிலும் இயங்கும். எக்ஸ்எப்சிஇ என்னும் இலகுவான திரைச்சூழலோடு அதனை நிறுவுவது நன்று. எழுத்துப் பணிக்கு லிப்ரெஓபிஸ், இணைய உலாவலுக்குப் பயர்பாக்ஸ், மடலுக்குத் தண்டர்பேர்ட், காணொளிக்கு வி.எல்.சி., கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கக் கீபாஸ்எக்ஸ்சி ஆகியன ஒரு வீட்டின் அன்றாடத் தேவைகளைப் பெரும்பாலும் நிறைவு செய்யும். இவை அனைத்தும் விண்டோஸிலும் இயங்குவதால், இயங்குதளத்தை மாற்று முன்னரே இவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

மென்பொருட் பெயர்கள் காலந்தோறும் மாறும். ஆகவே, எந்த மென்பொருளையும் தேருமுன் நான்கு வினாக்களைக் கேட்டல் பயனுடைத்து.

முதலாவது: கணக்குத் திறவாமலும் இணைய இணைப்பின்றியும் இது தன் பணியைச் செய்யுமா? கடிதம் எழுதுவதற்கு மின்னஞ்சல் முகவரியும் பிறந்த தேதியும் எதற்கு?

இரண்டாவது: கேட்கும் அனுமதி செய்யும் பணிக்கு ஏற்றதா? கைவிளக்குச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை.

மூன்றாவது: இதில் உருவாக்கும் கோப்பை வேறு மென்பொருளில் திறக்க முடியுமா? பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த சங்க மலர்களை இன்று திறந்து பார்த்தோர் இவ்வினாவின் பொருளை நன்கு அறிவர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அம்மலர்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறியில் எழுதியவையோ எக்கணினியிலும் தமிழாகவே நிற்கும்.

நான்காவது: இதனைப் பேணுவோர் யார்? அவர்களுக்கு வருவாய் எங்கிருந்து வருகின்றது? நிரல் திறந்ததாயினும், பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத மென்பொருள் பாதுகாப்பானது அன்று.

அடுத்தது, சொந்த வழங்கியை வீட்டிலேயே நடத்துதல். 2012இல் பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் உள்ளங்கையளவே ஆனவை. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை. பழைய மடிக்கணினியும் இப்பணிக்கு உதவும். 2016இல் யேர்மனியில் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட்கிளவுட்டை அதில் நிறுவினால், குடும்பத்தின் ஒளிப்படங்களும் நாட்காட்டியும் முகவரிகளும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதுவும் அதிகம் எனத் தோன்றுவோர், இரு கருவிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்திங்கோடு நின்றுவிடலாம். இது கணினிப் பித்தரின் விளையாட்டு என ஒதுக்கத் தக்கதும் அன்று. யேர்மனியின் சிலேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, ஏறத்தாழ 30,000 பணியிடங்களை லிப்ரெஓபிசுக்கும் பிற திறந்த மென்பொருட்களுக்கும் மாற்றும் முடிவை 2024இல் அறிவித்தது. தன் தரவு தன் ஆளுகையில் இருத்தல் வேண்டும் என்பதே அது கூறிய காரணங்களுள் முதன்மையானது.

எனினும், எல்லாவற்றையும் வீட்டிலேயே நடத்த முனைதல் அறிவுடைமை ஆகாது. மின்னஞ்சல் வழங்கியை வீட்டில் நடத்துவது கடினம். அங்கிருந்து செல்லும் மடல்களைப் பெரிய சேவைகள் எரிதம் எனத் தள்ளிவிடுவதுண்டு. கட்டணம் பெற்று, விளம்பரமின்றி நடத்தப்படும் மடற்சேவையே அதற்குப் பொருத்தம். வீட்டு வழங்கியைத் தொடக்கத்தில் வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் வைத்திருத்தல் வேண்டும். புதுப்பிப்புகளைத் தவறாது நிறுவ இயலாதோர் அதனை இணையத்திற்குத் திறந்துவிடுதல் கூடாது. பூட்டாத கதவு வெளியாருக்கே வசதி.

தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் இன்னும் ஒரு படி மேலே சிந்தித்தல் வேண்டும். மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் முகவரி ஆகியன அடங்கிய பட்டியல் ஒரு தொண்டரின் சொந்தக் கணக்கில் கிடப்பது பல இடங்களில் வழக்கம். 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தனிப்பட்ட இல்லப் பயன்பாட்டுக்கே விலக்கு அளிக்கின்றது. சங்கங்களுக்கு அவ்விலக்கு இல்லை. தேவைக்கு மேல் திரட்டாமை, தேவை முடிந்ததும் அழித்தல், யார் பார்க்கலாம் என வரையறுத்தல் ஆகிய மூன்றும் சட்டம் இல்லாத இடத்திலும் கடைப்பிடிக்கத் தக்க நெறிகளே.

இறுதியாக, திறவுகோலைக் கையில் வைத்திருப்போர் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். ஒரே இடத்தில் ஒரே படியாக உள்ளது எவ்வாறு அழியும் என்பதை 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் தமிழருக்கு உணர்த்தியது. அங்கிருந்த ஓலைச்சுவடிகளுக்கு மறுபடி இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவரும் தரவிறக்கும் வகையில் வைத்திருப்பதன் பெறுமதியை இப்பின்னணியில் எளிதில் உணரலாம். வீட்டிலும் அதே நெறி பொருந்தும்: மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். அண்ணன் வீட்டில் ஒரு வன்தட்டும், தங்கை வீட்டில் இன்னொன்றுமாகப் பரிமாறிக்கொள்ளலாம். படியெடுத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து சரிபார்த்தலும் வேண்டும்.

நிறுவுதலும் புதுப்பித்தலும் இளையோருக்கு எளிது. எந்தப் படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சொல்லப் பெற்றோரால் மட்டுமே முடியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து கோப்புகளுக்குப் பெயரிடுதல் வேண்டும். முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டில் குறைந்தது இருவர் அறிந்த இடத்தில் வைத்தல் வேண்டும். வரும் வார இறுதியில் ஒரு வன்தட்டை வாங்கி, கைப்பேசியிலுள்ள படங்களை முதலில் அதிற் படியெடுப்பதே நல்ல தொடக்கம். ஏனையவற்றை ஒவ்வொன்றாகச் செய்யலாம்.