பொன்மலையும் நம் உழைப்பும்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வித் தொண்டாற்றி வரும் நம் சங்கத்தின் வெள்ளி விழாவில், பொன்மலையின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட பொன்மலை, இருப்புப்பாதையால் எழுந்த நகரமாகும்.

சிறு குன்றொன்றின் பெயரே ஊருக்கு வாய்த்தது. 1753ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்குன்றின் அருகே போரிட்டனர். எனினும், இதனை நகரமாக்கியது ரயில்வே பணிமனையே. தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினத்தில் இருந்த தன் பணிமனையை 1928ஆம் ஆண்டளவில் இங்கு மாற்றியது. அதனைச் சுற்றிக் குடியிருப்புகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் சந்தையும் தோன்றின.

அவ்வளர்ச்சிக்குத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத் தண்டனை பெற்றனர். 1946 செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர்.

தொழிலாளர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அவர்களுள்ளும் யாருக்கு எந்த வேலை கிடைத்தது என்று கேட்பது நம் கடமை. இக்கேள்வியை அண்ணல் அம்பேத்கர் 1938 பிப்ரவரியில், மன்மாடு என்னும் மராட்டிய ரயில் நகரில் கூடிய ஒடுக்கப்பட்ட ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் எழுப்பினார். நம்மவர் தண்டவாளப் பராமரிப்புக் கூலியாகச் சேர்ந்து, உயர்வின்றி அக்கூலியாகவே ஓய்கின்றனர் என்றார். போர்ட்டர் வேலையும் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஏனெனில் போர்ட்டர், நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. தீண்டாமை அவ்வீட்டு வாயிலை அடைத்தது. அவர் பேசியது வடபுலத்து ரயில்வேயைப் பற்றி. ஆயினும் எந்த ரயில் நகரின் வரலாற்றைப் படித்தாலும் அக்கேள்வியை மறத்தலாகாது.

அண்ணல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் இனத்தார்க்கு இட ஒதுக்கீடு வந்தது. 1950இல் அரசியலமைப்பு அதற்கு உறுதியளித்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்வதற்குத் தேர்ச்சி வேண்டும். சட்டம் திறந்த கதவின் வழியே நம் பிள்ளைகளை உள்ளே அனுப்புவது கல்வியே. நம் சங்கம் போன்றவற்றின் தேவை இதனால் விளங்கும்.

1994ஆம் ஆண்டில் திருச்சி மாநகராட்சி உருவானபோது பொன்மலை நகராட்சி அதனுடன் இணைந்தது. பணிமனை இன்றும் இயங்குகிறது. உலகப் பாரம்பரியச் சின்னமான நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இயந்திரங்களை அங்குள்ள தொழிலாளரே புதிதாகச் செய்து கொடுத்தனர். அத்தகைய கைத்திறனும் நம் பாரம்பரியமேயாகும்.

இளைஞர்களே! கட்டடங்களுக்குக் கல்வெட்டு உண்டு. தண்டவாளம் சுமந்த தோள்களுக்கு இல்லை. உங்கள் குடும்பத்தில் ரயில்வேயில் உழைத்த முதியோர் இருப்பின், அவர் எந்த வேலையில் சேர்ந்தார், எந்த வேலையில் ஓய்வு பெற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பணிப் பதிவேட்டையும் பழைய படங்களையும் பாதுகாத்து வையுங்கள். தொழிற்பயிற்சியிலும் உயர்கல்வியிலும் ஒருசேர முன்னேறுங்கள். தாத்தா தண்டவாளத்தைத் தாங்கினார். பெயரன், பெயர்த்தியர் அதன் திட்டத்தை வரையட்டும். அதுவே இவ்வெள்ளி விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பாகும்.