பொன்மலையில் இறங்கிய விமானங்கள்: அப்ரண்டிஸ் பதிவேடும் சாதியும்



நினைவுப் பேருரை என்றால் கவிதை, நாவல், கோட்பாடு என்று பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் ஒரு பதிவேட்டைப் பற்றிப் பேசலாம். ராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற அப்ரண்டிஸ்களின் பதிவேடு அது. ஒரு பேட்சில் யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகத்தின் இரண்டு தலைமுறை வாழ்க்கை அங்கேதான் முடிவாகிறது.

இதில் பிரிட்டனுக்குத் தெளிவான வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் அங்கே விமானப் படையை வளர்த்த டிரென்சார்ட், 1920-இல் விமான அப்ரண்டிஸ் திட்டத்தைத் தொடங்கினார். 1922 முதல் ஹால்டன் அதன் மையமாக இருந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி. ஒவ்வொரு பேட்சுக்கும் எண் கொடுத்தார்கள். ஜெட் என்ஜினை உருவாக்கிய பிராங்க் விட்டில் அந்தத் திட்டத்தில் வந்தவர். சிறு இயந்திரப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். முதலில் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் விண்ணப்பித்து 1923-இல் சேர்ந்தார். அப்ரண்டிஸ் வரிசையிலிருந்தே அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானார். தொழிலாளி வீட்டுப் பையனுக்கு வானம் திறந்தது அந்தப் பதிவேட்டில்தான்.

இந்தியாவில் எப்படி நடந்தது? 1933 ஏப்ரல் 1 அன்று இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் கராச்சியில் உருவானபோது ஆறு அதிகாரிகளும், ‘ஹவாய் சிப்பாய்கள்’ என்று அழைக்கப்பட்ட 19 பேரும் இருந்தார்கள். விமானத்தைப் பிரித்துப் பூட்டும் வேலை இந்தச் சிப்பாய்களுடையது. லாகூரில் பொறியியல் படித்த ஹர்ஜிந்தர் சிங் இப்படிச் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார். ஸ்பேனர் பிடித்த கை படையின் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் அந்தக் காலத்து ஆள்சேர்ப்பு, போர்க்குல இனங்கள் என்ற கொள்கையில் நடந்தது. வெள்ளை அதிகாரிகள் சாதியைக் கண்டு திகைத்து ஒதுங்கி நிற்கவில்லை. அதைப் படையின் விதியாகவே எழுதிக்கொண்டார்கள். மகர்களுக்கு 1890-களில் ராணுவக் கதவு மூடப்பட்டது. சென்னை ராணுவத்தின் காலாட்படை சுருக்கப்பட்டது. அதே சென்னை ராணுவத்தின் சாப்பர்ஸ் அணியில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுரங்கம் தோண்டுவது அந்த அணியின் வேலை. தொழில்நுட்பம் எங்கள் ஆட்களுக்குப் புதிது என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நமக்குக் கைத்திறன் எப்போதும் இருந்தது. பதிவேட்டில் இடம்தான் இல்லை.

இப்போது திருச்சிக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் மையப் பணிமனை 1920-களில் பொன்மலைக்கு வந்தது. 1928-இல் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் குறைக்க நிர்வாகம் முடிவெடுத்தது. யார் போக வேண்டும் என்று பிரிக்கத் தொழில் தேர்வு ஒன்றை வைத்தார்கள். அதை எதிர்த்து ஜூலையில் வெடித்த வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் சிறை சென்றார். தேர்வு என்பது திறமையை அளக்கும் கருவி என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆளைக் கழிப்பதற்கும் அதே கருவிதான் என்று பொன்மலை அன்றே கண்டுகொண்டது.

இரண்டாம் உலகப் போரின்போது இதே பணிமனையில் ராயல் ஏர் போர்ஸ் விமானங்களும் பழுதுபார்க்கப்பட்டன. ரயில் என்ஜினுக்கு அரம் பிடித்த கை, விமானத்தின் பாகத்தையும் தொட்டது. பணிமனையின் பெருமை பேசும் குறிப்புகளில் இது ஒரு வரியாக வருகிறது. அந்த வரிக்குள் பிட்டர், டர்னர், கலாசி, அப்ரண்டிஸ் எத்தனை பேர்? ரயில்வேயில் மேல்நிலைத் தொழில்நுட்பப் பதவிகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் என்று ஒதுங்கியிருந்த காலம் அது. சுமை தூக்குவது யாருக்கு விழுந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இந்தச் சங்கிலியைச் சரியாகப் பிடித்தவர் பாபாசாகேப். வட்டமேசை மாநாட்டிலேயே படையின் ஆள்சேர்ப்பு எல்லா வகுப்பினருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று பேசினார். 1942 ஜூலையில் வைசிராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினரானார். போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அவருடைய துறையின் கீழ் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வைசிராயிடம் கொடுத்த மனுவில், கலையும் சட்டமும் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு கிடைத்தது. பட்டறை வாசலில் தொடங்கி அலுவலக நாற்காலி வரை ஒரே கோரிக்கையாக அவர் பார்த்தார். நாம் பல நேரம் நாற்காலியை மட்டும் பேசிவிட்டு, பட்டறையை மறந்துவிடுகிறோம்.

திருவரங்கத்தில் ரயில் ஏறினால் அடுத்தது டவுன், அதற்கடுத்தது பொன்மலை. அவ்வளவு பக்கம். திருவரங்கத்து வீதிகளுக்கு இலக்கியம் உண்டு. அங்கே வளர்ந்த சுஜாதா, சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்து, விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்து, பிறகு பெங்களூர் பெல் நிறுவனத்துக்குப் போனவர். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ எழுதினார். வாசிக்கிறோம், ரசிக்கிறோம். அதே தொழில்நுட்ப உலகத்துக்குள் சேரியிலிருந்து அப்ரண்டிஸாக நுழைந்தவனின் கதை எங்கே? கோயிலைச் சுற்றி மதில்கள் ஏழு என்று எண்ணிவிடலாம். பட்டறைக்கு முன்னால் நிற்கும் மதில்களை எண்ண முடியாது. எட்டாம் வகுப்போடு நின்ற பள்ளி ஒன்று, விண்ணப்பம் வந்த செய்தியே எட்டாத தெரு ஒன்று, சிபாரிசு செய்ய ஆளில்லாத வீடு ஒன்று. இயந்திரம் சாதி பார்ப்பதில்லை என்பது உண்மை. வாசலில் உட்கார்ந்திருப்பவர் இயந்திரம் இல்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் 3ஏ பிரிவு சேர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தொழில் பிரிவுவாரியாகப் பயிற்சி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல என்கிறது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அதற்கான கொள்கையை அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்ளும். ஆக, உள்ளே போக ஒதுக்கீடு உண்டு. உள்ளே நிலைக்க ஒதுக்கீடு இல்லை.

விமானப் படையின் சீருடைப் பணிகளிலோ இட ஒதுக்கீடே இல்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு ஆண்டு முடிந்ததும் ஒரு பேட்சில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாக நிற்பார்கள். ஓய்வூதியத்தை நம்பி நிலம் வாங்கிய, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய தலைமுறை நம் ஊர்களில் உண்டு. அந்த ஏணியின் நடுப்படிகள் உருவப்படுகின்றன. இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இதே திருச்சியில் தொடங்கப்பட்டது. ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. விமான பாகங்கள் செய்யும் தனியார் பட்டறைகள் வரும் என்கிறார்கள். வரட்டும். அங்கே சேரும் முதல் பேட்சின் பதிவேடு எப்படி இருக்கப்போகிறது?

மாணவர்களே, செய்யக்கூடிய இரண்டு வேலைகளைச் சொல்கிறோம். ஒன்று, கேள்வி கேட்பது. பொதுத்துறை, ரயில்வே, படைக்கலத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றிலும் ஆண்டுவாரியாக, தொழில் பிரிவுவாரியாக எத்தனை அப்ரண்டிஸ்கள், அவர்களில் நம்மவர் எத்தனை, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மொத்தக் கணக்கோடு திருப்தி அடையாதீர்கள். பெயின்டரிலும் வெல்டரிலும் நிரப்பிவிட்டு, எலக்ட்ரானிக்ஸில் காலியாக விட்டால் மொத்தக் கணக்கு அதைக் காட்டாது.

இரண்டாவது, சேகரிப்பது. பொன்மலையிலும் திருவெறும்பூரிலும் அரியமங்கலத்திலும் உள்ள வீடுகளுக்குப் போங்கள். பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் பயிற்சிச் சான்றிதழ் இருக்கும், பேட்ச் போட்டோ இருக்கும், டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். அவற்றைப் படம் எடுங்கள். போட்டோவில் நிற்பவர் யார் யார், யார் எந்தத் தெரு, பயிற்சிக்குப் பிறகு எங்கே போனார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பக்கத்தையாவது கொண்டுவாருங்கள். அதைத் தொகுத்து அச்சிடும் பொறுப்பு எங்களுடையது.

ஜெய்பீம்.