இலவசப் பரிசின் விலையைக் கொடுப்பவர் யார்?



பினாங்குத் துறைமுகத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பல நாள் கடலில் கிடந்து, பினாங்குக் கரையைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகும் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் தங்கிவிட்டுத்தான் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களில் பலர் கப்பல் சீட்டுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. பயணம் இலவசம்.

இலவசம் என்றால், கப்பல் கம்பெனி தருமத்துக்கு ஏற்றி வந்ததா? இல்லை. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள், தாங்கள் வேலைக்கு வைத்திருந்த தமிழ்த் தொழிலாளர்களின் கணக்குக்கு ஏற்ப, அந்த நிதிக்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் சீட்டு வாங்கப்பட்டது. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த கங்காணிக்கும் கூலி உண்டு. அழைத்து வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தரகு. பிறகு பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போகும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று தலைக்காசு. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது.

இந்தப் பழைய கதையை இன்று ஏன் சொல்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் உள்ள கைப்பேசியிலும் ஒரு கங்காணி வந்து உட்கார்ந்திருக்கிறார். 'இலவசப் பரிசு' என்பதே அவருடைய அழைப்பு.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் படித்த ஒரு மாணவி, ஒரு நாள் பாடம் முடிந்ததும் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தாள். "டீச்சர், உங்க போன் நம்பர் குடுங்க டீச்சர். இன்னும் ரெண்டு பேரு சேர்ந்தா புதுப் போன் வந்துரும்" என்றாள். விசாரித்தோம். ஓர் அகப்பக்கம் இலவசமாகக் கைப்பேசி தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்காக அந்தப் பிள்ளை லயத்தில் வீடு வீடாகப் போய், பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லாருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் வாங்கிப் பதிந்திருக்கிறாள். 'நம்ம பிள்ளை கேட்கிறது' என்று அவர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

போன் வரவில்லை. சில வாரங்களில் லயத்தில் இருந்த கைப்பேசிகள் எல்லாம் மணியடிக்கத் தொடங்கின. கடன் வேண்டுமா என்று ஒருவர், காப்புறுதி எடுங்கள் என்று ஒருவர். பாட்டி ரீலோட் செய்த பணம், யாருக்கும் பேசாமலேயே கரைந்து போனது. பிள்ளை அழுதாள். "பாட்டி நம்பரை நான்தான் டீச்சர் குடுத்தேன்" என்றாள். நாங்கள் அவளைத் திட்டவில்லை. ஏமாந்தது அவள் மட்டுமா? அப்படிப்பட்ட பரிசு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆகவே, அந்தக் கணக்கை இன்று எல்லாரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்பார்கள். பரிசு தரும் அகப்பக்கங்களுக்கு வருமானம் வரும் வழிகள் முக்கியமாக நான்கு.

முதல் வழி, தரகு. ஒரு கம்பெனிக்குப் புது வாடிக்கையாளர் வேண்டும். கடன் அட்டை விற்பவராக இருக்கலாம், மாதச் சந்தாவில் படம் காட்டுபவராக இருக்கலாம். 'ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு தருகிறேன்' என்று அவர் அகப்பக்கக்காரரிடம் பேசிக்கொள்கிறார். அகப்பக்கக்காரர் நம்மிடம், 'இதில் சேருங்கள், உங்களைப் போல் ஐந்து பேரையும் சேர்த்துவிடுங்கள், பரிசு உங்களுக்கே' என்கிறார்.

வகுப்பில் போடுவதுபோல் ஒரு கணக்குப் போடுவோம். இந்தத் தொகைகள் நாமாக வைத்துக்கொண்டவை. பரிசாகத் தரும் கைப்பேசியின் விலை 400 வெள்ளி. ஒரு தலைக்குக் கிடைக்கும் தரகு 80 வெள்ளி. நாமும் ஐந்து பேரும் சேர்ந்தால் ஆறு தலை. ஆறு எண்பது 480 வெள்ளி. கைப்பேசியை வாங்கிக் கொடுத்த பிறகும் 80 வெள்ளி மிச்சம். இது நாணயமாக நடந்துகொண்டால் கிடைக்கும் லாபம்.

இப்போது பத்துப் பேர் முயற்சி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர்தான் ஐந்து ஆட்களையும் சேர்க்கிறார்கள். மற்ற ஏழு பேரும் இரண்டு ஆட்களோடு களைத்துப் போய் நின்றுவிடுகிறார்கள். அந்த ஏழு பேர் ஒவ்வொருவராலும் மூன்று தலைக்குத் தரகு கிடைத்தது, 240 வெள்ளி. ஏழு பேருக்கும் சேர்த்து 1,680 வெள்ளி. அவர்களுக்குப் பரிசு தர வேண்டியதில்லை. பரிசு வாங்கிய மூவரால் கிடைத்த லாபமோ 240 வெள்ளிதான். ஆக, பாதியில் நின்றவர்களின் உழைப்பில்தான் பெரிய லாபம். நாம் முடிக்காமல் விட்டால் அவருக்கு நட்டம் என்று எண்ணினோம் அல்லவா? விஷயம் நேர்மாறாக இருக்கிறது.

இரண்டாம் வழி, புள்ளிகள். விளம்பரப் படம் பார்த்தால் புள்ளி, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் புள்ளி என்று சில அகப்பக்கங்கள் தருகின்றன. மக்கள் எந்தச் சோப்பை விரும்புகிறார்கள், எந்தப் பாலை வாங்குகிறார்கள் என்று அறியக் கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு நமக்குப் புள்ளியாக வருகிறது. இவ்வாறு ஒழுங்காகத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் புள்ளியைப் பணமாக மாற்ற முடியும். அதற்குள் சலித்து விட்டுவிடுபவர்கள் பலர். சில இடங்களில் புள்ளிக்குத் தவணையும் உண்டு. நாள் கடந்தால் செல்லாது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்து எத்தனை வெள்ளி வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தக் கூலிக்கு யாராவது நம்மை வேலைக்கு அழைத்தால் சண்டைக்குப் போவோம்.

மூன்றாம் வழி, சந்தா. 'முதல் வாரம் இலவசம்' என்று சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வாரத்திலிருந்து பணம் எடுக்கப்படும் என்பது சிறிய எழுத்தில் அடியில் இருக்கும். கைப்பேசியில் போட்ட பணத்திலிருந்தே கழித்துக்கொள்ளும் சேவைகளும் உண்டு. நிறுத்த மறந்தவர்களின் பணம்தான் அங்கே பரிசாக மாறுகிறது.

நான்காம் வழி, நம்முடைய விவரங்கள். பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண் ஆகியவை பட்டியலாகத் தொகுக்கப்பட்டு விலைக்குப் போகின்றன. ஒரே பட்டியலைப் பத்துப் பேருக்கு விற்கலாம். அரிசியை விற்றால் மூட்டை காலியாகும். பட்டியலை விற்றால் அது குறைவதில்லை.

இது கற்பனையன்று. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டில், ஐபாட் என்னும் பாட்டுக் கேட்கும் கருவியை இலவசமாகத் தருவதாக ஓர் அகப்பக்கம் பெயர் பெற்றது. அதை நடத்தியது கிராட்டிஸ் இன்டர்நெட் என்ற கம்பெனி. ஒரு விளம்பரதாரரிடம் சேர வேண்டும், ஐந்து நண்பர்களையும் அவ்வாறே சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. உண்மையிலேயே பலருக்குக் கருவி கிடைத்தது. ஆனால் 2006ஆம் ஆண்டில், விவரங்களை விற்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவற்றை விற்றதாகக் குற்றம் சாட்டி, நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அக்கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். அந்த விவரங்களை வாங்கிய டேட்ரன் மீடியா என்ற கம்பெனி 11 லட்சம் டாலர் கட்டி ஒத்துக்கொண்டு போயிற்று. 2008ஆம் ஆண்டில், இலவசப் பரிசு என்று மின்னஞ்சலில் ஆசை காட்டி, அதைப் பெறச் செலவு செய்ய வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்ற வழக்கில், வேல்யூகிளிக் என்ற கம்பெனி 29 லட்சம் டாலர் கட்டியது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், நாம் ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது பரிசு தந்து பிழைப்பவர்களின் கதை. பரிசே இல்லாமல், பெரிய கடைகளின் பெயரையும் சின்னத்தையும் போலியாகப் போட்டுப் புலனத்தில் அனுப்புகிறவர்களும் உண்டு. 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்பார்கள். கடைசியில் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் வரும் ரகசிய எண்ணையும் கேட்பார்கள். இது கலப்படமில்லாத திருட்டு.

நேயர்களே, கங்காணியின் கதைக்குத் திரும்புவோம். ஆள் சேர்க்க முதலாளிகள் ஏன் கங்காணியை அனுப்பினார்கள்? துரையே நேரில் போய் அழைத்திருந்தால் ஊரில் யார் நம்பியிருப்பார்கள்? கங்காணி அதே ஊர்க்காரர். மாமன் முறை, மச்சான் முறை. அவர் சொன்னால் நம்பலாம் என்று வந்தார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் முதலாளி விலை கொடுத்தார். 'ஐந்து நண்பர்களைச் சேர்த்துவிடு' என்னும் அகப்பக்கமும் அந்த நம்பிக்கையைத்தான் விலைக்குக் கேட்கிறது. அந்நியர் கேட்டால் பாட்டி அடையாள அட்டையை எடுத்துக் காட்டியிருப்பாரா? பேத்தி கேட்டதால் காட்டினார். பழைய கங்காணிக்குத் தலைக்காசாவது கைக்கு வந்தது. எங்கள் மாணவிக்கு அதுவும் இல்லை.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை சில.

பரிசு என்று யார் சொன்னாலும், இந்தப் பரிசுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விலகி நில்லுங்கள். அடையாள அட்டை எண், வங்கி எண், ரகசிய எண் ஆகியவற்றைப் பரிசுக்காக யாருக்கும் கொடுக்காதீர்கள். பிறருடைய எண்ணை அவர் அனுமதி இல்லாமல் எங்கும் பதியாதீர்கள்.

கைப்பேசிப் பணம் காரணமின்றிக் குறைந்தால், தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு, என்ன சந்தா ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். தெரியாத கம்பெனி விற்பனைக்காக அழைத்துத் தொல்லை கொடுத்தால், என் விவரங்களை இதற்குப் பயன்படுத்தாதே என்று எழுதிச் சொல்ல, 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. வங்கியிலிருந்து பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையோ 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையோ அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுக்க வாய்ப்பு உண்டு. முறையீடு எழுத உதவி வேண்டுமானால், 1969ஆம் ஆண்டில் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் ஏமாந்து வந்தால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை மறைப்பார்கள். மறைத்தால் நட்டம் பெருகும். எங்கள் மாணவி மறுவாரம் லயத்து வீடுகளுக்கு எங்களோடு வந்தாள். எந்த வீடுகளில் எண் வாங்கினாளோ, அதே வீடுகளில் நின்று, 'யாருக்கும் நம்பர் குடுக்காதீங்க' என்று சொன்னாள். பாட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் முன்னோர் பினாங்குக் கரையில் இறங்கியபோது, தங்கள் தலைக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நமக்கு எழுத்தும் தெரியும், கணக்கும் தெரியும். கைப்பேசியைத் தொடுமுன் அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம்.