ஓசை அடங்கிய ஓராண்டு



வீட்டிலேயே கழிந்த ஓராண்டைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பறையிசைக் கலைஞன். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய குடியிருப்பில் வாழ்பவன். பறையோ வீட்டுக்குள் வாசிக்கும் கருவி அன்று. ஆகவே, நான் வீட்டில் இருந்த ஆண்டு என்றால் தொழில் இல்லாத ஆண்டு என்றே பொருள்.

2020 மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி கூறும் பொருட்டு, நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று கை தட்டினர். தட்டும் கரண்டியும் கொண்டு ஒலி எழுப்பினர். நானும் பறையுடன் வெளியே வந்தேன். ஓசையைக் குறைக்கும்படி அன்று ஒருவரும் சொல்லவில்லை! மூன்றாம் நாள் ஊரடங்கு தொடங்கிற்று.

எங்கள் தொழிலுக்குப் பஞ்சாங்கம் ஒன்று உண்டு. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழா வந்தால் மயிலை விழித்துக்கொள்ளும். அதன் பின் சித்திரைத் திருவிழாக்கள். ஆடியிலோ தெருவுக்குத் தெரு அம்மன் கோயிற் கூழ் வார்ப்பு. இந்த ஐந்து மாத ஊதியத்தை வைத்தே மீதி ஏழு மாதங்களை ஓட்டுவோம். ஊரடங்கு சரியாக இந்த மாதங்களின் மேல் வந்து விழுந்தது. அந்தப் பங்குனியில் தேர் நகரவில்லை. சூன் 19 முதல் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. ஆடியிலும் கூழுக்குக் கூட்டம் இல்லை. குடும்ப அட்டைக்கு அரசு 1,000 ரூபாயும் அரிசியும் வழங்கியது, அடுப்பு எரிந்தது. வாடகைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

புறநானூற்றின் 194ஆம் பாட்டை உங்களுட் பலர் படித்திருப்பீர்கள். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, மற்றொரு வீட்டில் மண முழவு ஒலிக்கின்றதே என்று பக்குடுக்கை நன்கணியார் மனம் நொந்து பாடினார். 2020இல் இரு வீட்டிலும் ஒலி இல்லை. திருமணத்திற்கு 50 பேர், இறுதிச் சடங்கிற்கு 20 பேர் என்பது விதி. இருபது பேரில் பறையடிப்பவனுக்கு இடம் ஏது? எங்கள் கருவியைச் சாவுக்கு உரியது என்று சொல்லி ஒதுக்கி வைத்த உலகம் இது. அந்த ஆண்டு சாவும் எங்களை அழைக்கவில்லை. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணினார். நிலந்தோறும் அதற்குரிய பறை உண்டு என்பது தமிழர் கண்ட இலக்கணம். இவ்வளவு பழைய கருவிக்கு இழிவு எப்படி வந்தது என்பதை உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். நான் இங்கே சொல்லப் புகுந்தால் நேரம் போதாது.

வாசிக்காத பறை கெட்டுப்போகும். வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்போம். கடற்காற்றின் ஈரத்தில் அந்தத் தோல் தளரும். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் குரல் திரும்பும். அடுக்கு மாடிக் குடியிருப்பில் வைக்கோலைக் கொளுத்த முடியுமா? மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். குச்சிகளைக் கொண்டு தலையணையின் மேல் பழகினேன். என் மனைவி பஞ்சு பறக்கிறது என்று கடிந்துகொண்டாள், அதுவும் நியாயமே.

அவ்வாண்டு மார்கழியில் சபைக் கச்சேரிகள் இணையத்தின் வழியே நடந்தன. நாமும் செய்வோம் என்று என் குழுவின் இளைஞன் ஒருவன் கைப்பேசியை நிறுத்தி வைத்தான். மறுமுனையில் இருந்தவர்க்கு என் பேச்சுத் தெளிவாகக் கேட்டது, பறை கேட்கவில்லை. அந்தக் கருவி மனிதக் குரலைத் தேடி எடுத்து, ஏனையவற்றை இரைச்சல் என்று தள்ளிவிடும் வகையில் அமைந்தது. அதற்குச் சாதி தெரியாது. ஆயினும் அதன் தீர்ப்பு எனக்குப் பழகிய தீர்ப்பாகவே இருந்தது. அமைப்பை மாற்றிய பின் ஓசை கேட்டது. ஆனால் எங்கள் கலை நடந்து ஆடும் கலை. எதிரே நிற்பவர் கால் அசைவதைப் பார்த்தே அடியின் வேகத்தைக் கூட்டுவோம். கண்ணாடித் திரையில் யாருடைய காலைப் பார்ப்பது?

வேறு வழியின்றி ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். என் தந்தையார் வாசித்த அடிகளை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஒத்தையடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி ஆகியவை எளிதாக வந்தன. சிலவற்றிற்குத் தொடக்கம் மட்டும் நினைவில் நின்றது. கை அறிந்ததை வாய் அறியவில்லை. தலையணையில் அடித்துப் பார்த்த பிறகே சொற்கட்டு வந்தது. ஓய்வில்லாத ஆண்டுகளில் இந்த வேலை நடந்திருக்காது. அதற்காக அந்த ஆண்டை வாழ்த்தவும் எனக்கு மனமில்லை.

ஏனெனில், என் குழுவில் அறுவர் இருந்தோம். ஒருவன் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வேலைக்குப் போனான். மற்றொருவன் சுவருக்கு வண்ணம் பூசப் போனான். 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, இனி இந்தத் தொழிலை நம்ப முடியாது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மாதச் சம்பளம் உறுதியாக வரும் வேலையை விடு என்று எவ்வாறு சொல்வது?

2023 பொங்கலின்போது சென்னை சங்கமம் மறுபடியும் நடந்தது. நகரத்தின் திறந்த வெளிகளில் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடினர். நாங்கள் நால்வராக நின்று வாசிக்கிறோம். உணவு கொண்டு செல்பவன் விடுமுறை நாளில் வந்து சேர்ந்துகொள்கிறான். அவன் வண்டிப் பெட்டியில் இப்போதும் இரண்டு குச்சிகள் கிடக்கின்றன. வண்ணம் பூசுபவன் வருவதில்லை. மருளடியின் பிற்பகுதியை நன்றாக அறிந்தவன் அவன்தான். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.