ஏழாவது கையெழுத்து
(தோட்டக் கிளைக் கூட்டத்தில், கொழும்பில் கணினித் துறையில் பணிபுரியும் எமது தோட்டத்து மகள் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்த சம்பளத்தில் படித்து, இன்று ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். ஏசி அறையில் இருப்பவர்களுக்கு எதற்குச் சங்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் மூன்று மாதம் தொடர்ந்து இரவு இரண்டு மணி வரை வேலை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. எங்களுக்கோ ‘எக்சிகியூட்டிவ்’ என்று பட்டம் கொடுத்து, ஓவர்டைம் இல்லை என்றார்கள். அதைக் கேட்ட ஒரு தம்பியை அடுத்த மாதமே நிறுத்தினார்கள். அவனுக்காக யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு ஆறு பேர் சங்கம் அமைக்க முன்வந்தார்கள். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேராவது கையெழுத்திட வேண்டும். என்னைக் கேட்டார்கள். வீட்டுக் கடனையும் தம்பியின் படிப்பையும் நினைத்துப் பயந்தேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா கேட்டார்: “கிலோ கொறைஞ்சு அரைப்பேர் போட்டா, நான் தனியாப் போயி கேட்டு நடக்குமா புள்ள? தலைவரோட நாலு பேரு போனாத்தானே பேசுறாங்க. சங்கத்துலயும் கொறை இருக்கு. சந்தா வெட்டுறாங்க, பிரச்சினைக்கு வாறதில்லை. அத உள்ள இருந்துதான் கேக்கணும். பொறவு நீ யோசிச்சு செய்.”

யோசித்தேன், விசாரித்தேன். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வது, 1999ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டப்படி குற்றம். ஆனால், 40 சதவீத ஊழியர்கள் அங்கத்தவர்களாக இருந்தால்தான் முதலாளி கட்டாயம் பேச்சுக்கு வரவேண்டும். சட்டத்தைப் படித்ததால் பயம் முழுதாகப் போகவில்லை. இருந்தாலும் ஏழாவது கையெழுத்தை நான் போட்டேன். 40 சதவீதத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஒவ்வொருவராகப் பேசிச் சேர்க்கிறோம்.

1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் உயிர்கொடுத்த கோவிந்தனின் வரலாறு நமக்குத் தெரியும். கொழும்பில் கடையிலும் கார்மெண்ட்டிலும் கணினி முன்னாலும் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குப் போன் எடுக்கும்போது, என் அம்மாவைப் போல நல்லதையும் குறையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.