காடிக்குச் சாமான் வாங்கும்போது

(கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசுகின்ற மேடையில் காடிச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. பஸ் வராத தோட்டத்தில் பழைய காடி ஆடம்பரமன்று. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் நமக்குக் கால். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. உயர்ந்த வெள்ளி பட்டறையில் கரைந்து போகலாமா?

முதலில் என் அறியாமையைச் சொல்லி விடுகிறேன். என் காடிக்கு டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்தது. பெல்ட்டை நல்லதாகவே வாங்கினேன். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கை மட்டும், பெட்டியில் இருந்த பெரிய கம்பெனிப் பெயரை நம்பி, ஒரு கடையில் ஐம்பது வெள்ளி குறைத்து வாங்கினேன். எட்டே மாதத்தில், தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில் காடி நின்றது. பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்து, பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்து விட்டன. செலவு 1,800 வெள்ளி. நோயாளித் தாயார் சாலையோர மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கழற்றிப் பார்த்த போமன், "கிராணி ஐயா, இது போலிச் சாமான்" என்றார். கடைக்கு ஓடினேன். ரசீது கேட்டார்கள். நாள் முழுவதும் கணக்கு எழுதும் நான் ரசீது வாங்கவில்லை! வாயடைத்துத் திரும்பினேன்.

தோழர்களே! அன்றுதான் விசாரிக்கத் தொடங்கினேன். சாமான் ஒரிஜினல், மட்டம் என்று இரண்டே வகை என்பது நம் நினைப்பு. உண்மையில் காடிக் கம்பெனி பெட்டியில் வருவது ஒன்று. கம்பெனிக்கே செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. பல சமயம் சரக்கு அதேதான், விலை குறைவு. வேறு தொழிற்சாலைகள் தம் பெயரைப் போட்டு விற்பது மூன்றாவது. இதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. பிறர் பெயரைத் திருடிக் கொண்டு வருவதே போலி. தன் பெயரில் வரும் மாற்றுச் சாமானைப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்புவதும் தவறு.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். ரப்பரை அறிந்த நமக்கா இதை விளக்க வேண்டும்? நம் மரத்து ரப்பர் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கிற்கு மிக நல்லது, அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் எண்ணெயில் பட்டால் உப்பிவிடும். ஆகவே ஆயில் சீலை அதற்கென்றே செய்த செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். கலவை மாறினாலும் கறுப்பு நிறம் மாறாது. புகை ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலம் இருந்தது. 1965-ல் எஸ்.எம்.ஆர். முறை வந்து, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதித்துத் தரம் சொன்னது. சாமானுக்கும் அதே நியாயந்தான். பளபளப்பை விடுங்கள், அளவையும் நம்பரையும் கேளுங்கள்.

எதற்கு எதை வாங்குவது? கெட்டால் என்ஜினையே கெடுக்கும் சாமான்கள் உண்டு. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட், ஆயில் சீல் ஆகியவை அவை. இவற்றில் ஒரிஜினல், அல்லது கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரின் சரக்கு, வேறு வேண்டாம். பெல்ட் விலையைவிடக் கழற்றிப் பூட்டும் கூலி பெரிது என்பதையும் மறக்காதீர்கள். ஓடாமல் நின்ற காடியிலும் ரப்பர் மூப்படையும்.

ஆயில் பில்டர், ஸ்பார்க் பிளக், காற்று பில்டர் போன்றவற்றுக்கு நற்பெயருள்ள மாற்றுச் சரக்கு போதும். ஆனால் நம்பர் பொருந்த வேண்டும். பிளக்கின் மரை நீண்டு விட்டால் பிஸ்டனில் இடிக்கும். மட்டமான ஆயில் பில்டரில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வால்வு சரியாக மூடாது. இரவில் எண்ணெய் வடிந்து, காலையில் என்ஜின் வறண்டு சுழலும். மூடி, கைப்பிடி போன்றவற்றில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். வெட்டிய காடியிலிருந்து எடுத்த பழைய ஆல்டர்னேட்டர் வாங்கலாம். பழைய பெல்ட்டும் பழைய சீலும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் காடியின் சேஸிஸ் நம்பரை எழுதிக் கொள்ளுங்கள். பட்டறையில் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். புதிதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசீதில் சாமானின் பெயரும் நம்பரும் இருக்கட்டும்.

ஏன் ரசீது? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 2019 முதல் 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டியதில்லை. ஆதாரம் வேண்டும். அதுதான் என் கையில் இல்லாமற் போயிற்று.

மனு எழுதத் தெரியவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ரசீதோடு என் மேசைக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். என் தாயார் மரத்தடியில் காத்திருந்தது போல உங்கள் வீட்டார் யாரும் காத்திருக்க வேண்டாம்.