ஹீலா என்னும் பெயர்



குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர், புலவரின் இயற்பெயர் கிடைக்காத இடங்களில் பாட்டில் அமைந்த அரிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல் வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ உலகிலோ, நன்கு தெரிந்த பெயரொன்று முதலில் நறுக்கப்பட்டது, பின்னர் மாற்றவும்பட்டது.

1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியேட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வந்தார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர், ஐந்து குழந்தைகளின் தாய், வயது 30. வயிற்றினுள் முடிச்சுப்போல் ஏதோ இருப்பதாக உணர்ந்தார். ஏழைக் கறுப்பின மக்களுக்கு அந்நாளில் மருத்துவம் அளித்த மிகச் சில மருத்துவமனைகளுள் அது ஒன்று. ஆயினும், அங்கும் அவர்களுக்குத் தனிப் பகுதியே.

கருப்பைவாய்ப் புற்று எனக் கண்ட மருத்துவர்கள், அக்கால முறைப்படி ரேடியம் வைத்துச் சிகிச்சை அளித்தனர். அப்போது கட்டியிலிருந்து சிறு துணுக்கொன்றையும் வெட்டியெடுத்தனர். அது ஆராய்ச்சிக்கு என்று அவரிடம் கூறவில்லை, இசைவும் கேட்கவில்லை. அன்று எங்கும் அதுவே நடைமுறை என்பர். நடைமுறை என்று சொல்லிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா?

அத்துணுக்கு, அங்கேயே ஜார்ஜ் கை என்னும் அறிஞர் நடத்திய ஆய்வுக்கூடத்தை அடைந்தது. மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே வாழவைக்க அவர் பல்லாண்டுகள் முயன்றும் அவை விரைவில் மடிந்துவந்தன. இவையோ ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்துப் பெருகின. இயற்பெயரிலும் குடும்பப் பெயரிலும் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துச் சோதனைக் குழாய்களின்மேல் ‘ஹீலா’ என எழுதினர். கேட்ட ஆய்வாளர்க்கெல்லாம் அவை சென்றன. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவின. கருப்பைவாய்ப் புற்றுக்கு வைரஸ் காரணம் எனக் காட்டி 2008இல் நோபல் பரிசு பெற்ற ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர், அவ்வைரசின் ஒரு வகையை இவ்வணுக்களிலும் கண்டனர். இன்று சிறுமியர்க்குப் போடப்படும் தடுப்பூசிக்கு அவ்வாய்வே அடிப்படை.

அந்தத் தாயோ, உடலெங்கும் நோய் பரவி, 1951 அக்டோபர் 4ஆம் நாள் தம் 31ஆம் வயதில் மறைந்தார். பெயர் பொறித்த கல் அவர் கல்லறைக்கு 2010இல்தான் வாய்த்தது. இதற்கிடையே ‘ஹெலன் லேன்’ என்னும் பொய்ப்பெயர் நெடுங்காலம் உலவியது. உயிரணுக்கள் வாழ்வதைக் குடும்பத்தார் அறிந்தது 1973இல். அப்போது ஆய்வாளர்கள் வந்து பிள்ளைகளின் குருதியை எடுத்தனர். ஹீலா அணுக்கள் பிற வளர்ப்புகளில் கலந்துவிட்டதைப் பிரித்தறியவே அது. குடும்பத்தாரோ புற்றுநோய்ச் சோதனை என்றே எண்ணினர். தாயைக் கொன்ற நோய் தமக்கும் வருமோ என அஞ்சிய மகள், வராத முடிவுக்காகக் காத்திருந்தார். 2013இலும் அவ்வணுக்களின் மரபணுத் தொகுதி, குடும்பத்தாரைக் கேளாமலே வெளியிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே, அதைப் பயன்படுத்த இசைவளிக்கும் குழுவில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது.

அந்த மாற்றத்தைக் காண மகள் இல்லை, 2009இலேயே மறைந்துவிட்டார். ஆனால், 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவர் அவரைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தார். உறைகலத்திலிருந்து எடுத்த சிறு குப்பியைக் கையில் தந்தார். தாய்க்குக் குளிருமே என்று எண்ணிய மகள், குப்பியின்மேல் வாயால் ஊதிச் சூடேற்றினார். பிறகு நுண்ணோக்கித் திரையில், உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருந்தார்.